ரங்கூனுக்குள் சுருங்கிய அரசு: கடிதமும் பதிலும்

வணக்கம். தேவகோட்டையில் எங்கள் வளவு வீட்டுப் பெட்டகத்தில், ஐயா பர்மாவில் கடை வைத்திருந்த காலத்து நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. 1949-ல் பர்மா அரசின் கையில் ரங்கூனைத் தவிர எதுவும் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட அரசு எப்படி விழாமல் நின்றது? எங்கள் நிலத்தை எப்படி எடுத்தது?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர்கள் சொன்னதில் மிகை கொஞ்சம்தான். 1948 ஜனவரியில் சுதந்திரம், மார்ச்சிலேயே கம்யூனிஸ்ட் கிளர்ச்சி. 1949 ஜனவரிக் கடைசியில் தனி நாடு கேட்ட கரேன் இனப் படையினர் ரங்கூனை ஒட்டிய இன்செய்னைப் பிடித்தார்கள். மே மாதம் வரை அங்கே சண்டை. மார்ச்சில் மாண்டலே நகரமும் கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. நடுவே பிப்ரவரியில், சம்பள வெட்டை எதிர்த்து அரசு ஊழியர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

பிரதமர் ஊ நூவின் அரசைக் காப்பாற்றியது துறைமுகம் என்பேன். வயல் யார் கையில் இருந்தாலும் அரிசி பெரும்பாலும் ரங்கூன் வழியாகத்தான் கப்பலேற வேண்டும். அரசு வாரியம் நெல்லைக் குறைந்த நிர்ணய விலைக்கு வாங்கி, அரிசியை வெளிநாட்டுக்குக் கூடுதல் விலைக்கு விற்றது. படைக்குச் சம்பளம் போட அந்த வித்தியாசம் உதவியது. உலகம் அங்கீகரித்த அரசு என்பதால் நேருவின் இந்தியாவும் அதற்கே ஆயுதம் தந்தது. எதிரே நின்றவர்களோ ஒன்றுசேரவில்லை.

சரி, உங்கள் நிலம். இந்த உள்நாட்டுப் போர் இல்லாவிட்டாலும் அது போயிருக்கும். நிலத்தின் இறுதி உரிமையாளர் அரசே என்று 1947 அரசியல் சட்டமே சொல்லிவிட்டது. நில தேசியமயச் சட்டமும் 1948-லேயே வந்தது. ஆனால் ரங்கூன் அதிகாரி கிராமத்துக்குள் போகவே முடியாதபோது எந்தச் சட்டத்தை அமல்படுத்துவது? ரங்கூனுக்கு அருகே சிரியம் பகுதியில் மட்டும் சோதனையாகத் தொட்டுப் பார்த்தார்கள். 1953-ல் புதுச் சட்டம் போட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

இன்னொன்றையும் நம் வீடுகளில் பேச வேண்டும். 1930-களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம், கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நிலமிழந்தவனிடம்தான் கம்யூனிஸ்டுகள் பேசினார்கள். அவனைத் தன் பக்கம் இழுக்க அரசுக்கும் நிலச் சட்டம் தேவைப்பட்டது. நம் இழப்பைச் சொல்லும்போது அந்தக் குடியானவனின் இழப்பையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பத்திரங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் போன பிறகு உங்கள் ஐயாவோ ஏஜெண்டோ திரும்பிப் போய்க் குத்தகை வசூலித்திருந்தால், அந்தக் கணக்கேடுகளையும் தேடுங்கள். 1948, 49 கணக்கில் எந்த ஊர் வரவு எந்த மாதத்தோடு நின்றது என்று பார்த்து எழுதுங்கள். எந்த ஊரில் எப்போது அரசு இல்லாமல் போனது என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.