கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) போய்விட்டது என்கிறார்கள். மாற்றலாமா?

உடனே சரி சொல்லிவிடாதீர்கள். சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வந்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்குகிறதா? பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இருக்காது, இல்லாவிட்டால் பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, இறுக்கிப் போட்டாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

அப்புறம் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம்தான். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது. 12-லேயே நின்றால்தான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பெல்ட்டையும் வயரையும் பார்த்த பிறகுதான்.

சர்வீஸ் சென்டரில் "எத்தனை வோல்ட் வந்தது?" என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை அவர்கள் எழுதும் தாளில்) 'ஆல்டர்நேட்டர் மாற்றவும்' என்று எழுத விடாதீர்கள். 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, காரணம் பார்க்கவும்' என்று உங்கள் புகாரை எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் பார்த்து நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கட்டும். காசு கொடுத்து மாற்றினால், பழைய பாகம் வேண்டும் என்பதை வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.