டெக்சஸில் புது வீடும் மட் வரியும்: கேள்வி பதில்

கேள்வி: ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊர்ப் பக்கம் வீடு பார்த்திருக்கோம் சார். கவுன்ட்டி (மாவட்டம்), ஸ்கூல் வரியோடு 'மட்' என்றும் ஒரு வரி இருக்கே?

பதில்: 'மட்' (MUD) என்பது முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் மனை போட்டால் குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகாலுக்குப் பெரும்பாலும் நகரமும் வராது, கவுன்ட்டியும் வராது. அதற்கென்றே கடன் வாங்கவும் வரி போடவும் அதிகாரமுள்ள குட்டி அரசு இது. 1917இல் டெக்சஸ் அரசியல் சாசனத்தில் வந்த திருத்தம்தான் அடிப்படை.

கேள்வி: யார் ஆரம்பிப்பது? எங்களை யாரும் கேட்கவில்லையே.

பதில்: டெவலப்பர்தான், அதாவது நிலத்தை மனையாக்கி விற்பவர். நில மதிப்பில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையத்திடம் மனு போடுவார்கள். இல்லையென்றால் சட்டமன்றத்தில் தனிச் சட்டம். பிறகு உறுதிப்படுத்தத் தேர்தல். வீடே இல்லாத நிலத்தில் வாக்காளர் ஏது? பல இடங்களில், அங்கே டிரெய்லரில் குடிவைத்த இரண்டு மூன்று பேர் ஓட்டுப் போட்டுக் கோடிக்கணக்கான டாலர் கடனுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். டெவலப்பர் முதலில் கைக்காசு போட்டுக் குழாய் பதிப்பார். வீடுகள் வந்ததும் மட் பாண்ட் (கடன் பத்திரம்) விற்று அவருக்குத் திருப்பித் தரும். அந்தக் கடனை 25, 30 வருடம் அடைப்பது நீங்கள்.

கேள்வி: போகப் போக வரி குறையும் என்கிறார் பில்டரின் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று போடுவார்கள். 90 சென்ட் என்றால் 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 3,600 டாலர். வீடுகள் கூடினால் சுமை பலர் தலையில் பிரியும், விகிதம் இறங்கும். ஆனால் பாண்டை ஒரே தடவையில் விற்பதில்லை. கையெழுத்துக்கு முன் தரவேண்டிய மட் நோட்டீஸில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வாக்காளர் அனுமதித்த மொத்தம், இதுவரை விற்றது. 12 கோடி அனுமதித்து 3 கோடிதான் விற்றிருந்தால் இன்னும் 9 கோடிக்குக் கடன் ஏறலாம். அப்படிப்பட்ட இடத்தில் விகிதம் சீக்கிரம் இறங்காது. நோட்டீஸே தரவில்லையா? ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். இரண்டாம் வருடம் எங்கள் வீட்டுக் கடன் மாதத் தவணை எகிறிவிட்டது. மட் வரியை ஏற்றிவிட்டார்களா?

பதில்: அநேகமாக இல்லைங்க. ஜனவரி 1 அன்று இருந்த நிலைமைக்குத்தான் அந்த வருட வரி. நீங்கள் வாங்கிய வருடம் அன்று உங்களுடையது வெறும் மனை. 60,000 டாலர் மனைக்கு மட் வரி 540 டாலர்தான். அதை வைத்து எஸ்க்ரோ (வரிக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) பிடித்திருப்பார்கள். அடுத்த பில் முழு வீட்டுக்கும் வந்ததும், விட்டுப்போன தொகையும் சேர்ந்து விழுந்திருக்கும். புதிதாக வாங்குபவர்கள் குளோசிங்கின்போதே (வீட்டுப் பத்திரம் முடிக்கும்போதே) முழு மதிப்புக்கு எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை இதற்கும் உண்டா?

பதில்: ஸ்கூல் வரிக்குக் கட்டாயம் உண்டு. மட் வரியில், அதன் போர்டு (இயக்குநர் குழு) மனசு வைத்தால் 20 சதவீதம் வரை தரலாம். கேட்க வேண்டுமானால் விகிதம் முடிவாகும் முன்பே கூட்டத்துக்குப் போங்கள். ஐந்து இயக்குநர்கள்தான், கூட்டம் யாருக்கும் திறந்தது.