கொர்ரென்று மூச்சு வாங்கினால் நெஞ்சை அழுத்தலாமா? சிபிஆர் கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், சிபிஆர் (நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி) பயிற்சியும் கொடுக்கிறேன். உங்கள் கேள்விகள் நிறைய வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், மாரடைப்பும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்றுதானே? (திருச்சி)

இல்லைங்க. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், வியர்த்துக் கொட்டும். அவர் நெஞ்சை அழுத்தக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே நின்றுவிடும், சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு இதில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் நெஞ்சுவலிக்கு ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் திடீரென்று விழுந்தார். கொர்ரென்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார், அதனால் யாரும் நெஞ்சைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில், இதயம் அப்போதே நின்றிருக்கும் என்றார்கள். மூச்சு இருந்ததே, எப்படி? (மதுரை)

உங்கள் தெருவில் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளையின் அடிப்பகுதி இன்னும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். அது விட்டு விட்டு ஒரு இழுப்பை உண்டாக்கும். கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல வாய் திறக்கும், தாடை அசையும், குறட்டை மாதிரி சத்தம் வரும். அடுத்த இழுப்பு வர வெகுநேரம் ஆகும். அது மூச்சு இல்லை.

கை கால் வெட்டி இழுக்கவும் செய்யலாம். உடனே வலிப்பு என்று நினைத்து யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். அது வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு ஒன்றும் செய்யாது. கார்டியாக் அரெஸ்ட்டாக இருந்தால் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் கொண்டுபோய்விடும்.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்குங்கள். பத்து நொடிக்கு மேல் யோசிக்க வேண்டாம். நாடி பார்க்கவும் வேண்டாம், பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே உங்களுக்குத் தெரியும்.

மூச்சு இயல்பாக இருந்தாலும் கண்ணை எடுக்காதீர்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவில் சரிந்தார். அணியின் மருத்துவர் போய்ச் சேர்ந்தபோது மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது. திடீரென்று நிலைமை மாறியது. மைதானத்திலேயே சிபிஆர், அப்புறம் இதயத்துக்கு மின்சார ஷாக். அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் ஆட வந்தார்.

விலா எலும்பு உடைந்துவிட்டால்? (ஈரோடு)

உடையலாம், வயதானவர்களுக்கு அடிக்கடி உடையும். ‘டக்’கென்று ஒரு சத்தம் கை வழியாகவே தெரியும். நிறுத்தாதீர்கள். எலும்பு கூடிவிடும். கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில், நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைப்பு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது. (கோவை)

பயிற்சி இல்லாதவர், கண்ணெதிரே சரிந்த பெரியவருக்கு, அழுத்தினால் மட்டும் போதும். ரத்தத்தில் ஏற்கெனவே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதை மூளைக்கு அனுப்பினாலே பெரிய உதவி. கிணறு, குளத்திலிருந்து தூக்கியவர்களும் குழந்தைகளும் வேறு. அங்கே முதலில் தீர்ந்தது ஆக்சிஜன்தான், அதனால் ஊதுவது முக்கியம். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

விழுந்தவர் பெண் என்றால்? (சேலம்)

அதே இடம், அதே ஆழம். பொது இடத்தில் விழும் பெண்களுக்குச் சுற்றி இருப்பவர்கள் சிபிஆர் செய்வது ஆண்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே தயக்கம் இன்னும் அதிகம் என்பது என் எண்ணம். சேலை துப்பட்டாவை ஒதுக்கிவிட்டு அழுத்துங்கள். ‘பொம்பளப் பிள்ளை, தொடாதே’ என்று யாராவது சொன்னால், 108-க்குப் பேசும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

இளவயதுச் சாவுகளுக்கெல்லாம் கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்கிறார்களே? (விழுப்புரம்)

இதை இந்தியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 47 மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களை, அதே வயதுள்ள 2,916 பேரோடு ஒப்பிட்டது. முடிவு 2023-இல் வெளிவந்தது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, கடைசி 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய குடி அல்லது கடுமையான உடற்பயிற்சி, இவைதான் ஆபத்தோடு சேர்ந்து வந்தன. உங்கள் வீட்டில் இளவயதில் யாராவது அப்படிப் போயிருந்தால், மற்றவர்கள் ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள்.

தனியாக இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (தூத்துக்குடி)

நம்பாதீர்கள். இருமிக்கொண்டே உட்கார்ந்தால் நேரம்தான் போகும். 108-க்குப் போன் செய்யுங்கள், கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள்.

அக்கா, எங்கள் புளோக் லிஃப்ட் பக்கத்தில் ஏஇடி (இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் கருவி) பெட்டி இருக்கிறது. தெரியாமல் ஷாக் கொடுத்துவிடுவேனோ? (சிங்கப்பூர்)

முடியாது தம்பி. ஷாக் தேவையா என்று இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்யும். தேவை இல்லை என்றால் நீங்கள் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் கொடுக்காது. உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண் 995-க்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போடுங்கள், எப்படி அழுத்துவது என்று அவர்களே சொல்லித் தருவார்கள். அழுத்துவதை நிறுத்தாமல், இன்னொருவரை அனுப்பிப் பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு, படத்தில் உள்ளபடி பேடுகளை ஒட்டுங்கள். ‘தொடாதே’ என்று அது சொல்லும்போது மட்டும் எல்லாரும் கையை எடுங்கள். ஷாக் கொடுத்ததும் உடனே மறுபடி அழுத்தத் தொடங்க வேண்டும்.