தொப்பை கரைய மாட்டேங்குதே மாஸ்டர்!

கே: மூணு மாசமா தினமும் 200 சிட்-அப் போடுறேன் மாஸ்டர். தொப்பை அசையவே இல்லை.

ப: தம்பி, சிட்-அப் தசைக்கு. நீ கரைக்கப் பார்க்கிற கொழுப்பு அந்தத் தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று தசை அதை எடுத்து எரிக்காது; உடம்பு முழுக்க எங்கெங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றில் கடைசியாக. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் 1971-இல் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கிற கையில் தசை பெருத்திருந்தது, தோலடிக் கொழுப்பு இரண்டிலும் ஒன்றுதான். வயிற்றுக்கு வாரம் மூன்று நாள், மூன்று செட் போதும். மிச்ச நேரத்தைத் தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கொடு.

கே: ராத்திரி சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறிட்டேன். குறையுமா?

ப: எத்தனை சப்பாத்தி என்று சொல்லவில்லையே! நாலு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் ஒரு தட்டு சோற்றுக்குச் சளைத்ததில்லை. ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் அரை மாதத்துக்கு ஒரு கிலோ, அதுவும் ஏட்டுக்கணக்கில். சாயந்திரம் இரண்டு வடையும் சர்க்கரை டீயும் நின்றாலே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். நம் டிபனில் புரதம் குறைவு. இட்லியில் இரண்டைக் குறைத்து, அவித்த முட்டை இரண்டோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பசியும் தாங்கும், தசையும் கரையாது.

கே: பெல்ட் கட்டிக்கொண்டு ஓடினால் ஒரே நாளில் ஒரு கிலோ இறங்குதே?

ப: வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடியுங்கள், திரும்பி வந்துவிடும்.

கே: குழந்தை பிறந்து எட்டு மாசம். எழுந்திருக்கும்போது வயிற்று நடுவில் கூம்பு மாதிரி தள்ளுது. மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்குகிற கிரஞ்சஸ் செய்யலாமா அண்ணா?

ப: இப்போது வேண்டாம் தங்கச்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பார். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் நடுத்தசை விலகியிருக்கலாம். கர்ப்பத்தில் அப்படி ஆவது சகஜம்தான். ஆனால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் ஜிம் பக்கம் வராதே. சிசேரியன் என்றால் டாக்டரையும் கேட்டுக்கொள்.

கே: வயசு 52. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. சர்க்கரை பார்டரில் இருக்கு.

ப: ஐயா, எடை மெஷினை மறந்துவிட்டு டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் குடலைச் சுற்றிய கொழுப்பு. சர்க்கரைக்கு வழி விடுவது அதுதான், ஆனால் நடைக்கு முதலில் மசிவதும் அதுதான். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடங்கள். முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துகிற பிளாங்க் போடும்போது மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் ஏறும்.

கே: சிக்ஸ் பேக் எத்தனை நாளில் வரும்?

ப: தசைக்குக் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள்தான் அந்தக் கோடுகள். அவை பிரிக்கும் கட்டங்கள் எத்தனை என்பது பிறப்பிலேயே முடிந்த கதை. இருபது வருஷமாக மாஸ்டராக இருக்கிறேன், எனக்கு நாலுதான்.