குஷால் கானும் பங்கில்லாதவங்க பாட்டும்

அன்புள்ள அண்ணா,

நான் அபுதாபி முஸாஃபால ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டுல இன்ஜினியரா இருக்கேன். போன மாசம் ஒரு ரீல்ஸ்ல பஷ்தோ மொழிக் கவிஞர் குஷால் கான் கட்டக் பத்திப் பார்த்தேன். ஆப்கான் மானத்துக்காக நான் வாளை இடுப்புல கட்டினேன்னு அவர் எழுதினதைக் கேட்டதும் சிலிர்த்துடுச்சு. அப்படியே நம்ம புறநானூறு! எனக்கு மூணு கேள்வி. குஷால் கானை எதுல இருந்து ஆரம்பிச்சுப் படிக்கலாம்? இவ்வளவு பெரிய கவிஞர்களைக் கொடுத்த பழங்குடி மரபுல இருந்து தாலிபான் எப்படி வந்துச்சு? பஷ்தூன்கள் இஸ்ரேலோட தொலைஞ்சு போன குலம்னு சொல்றாங்களே, உண்மையா?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்தப்போ நான் பஷ்தோ பாட்டுங்களைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் உடனே பதில், இல்லேன்னா அந்த மூணாவது கேள்விக்காகவே ஓரமா எடுத்து வச்சிருப்பேன். அதை முதல்ல முடிச்சிடுவோம். ஜஹாங்கீர் காலத்துல பாரசீகத்துல எழுதின ஒரு ஆப்கான் வம்ச வரலாறு வழியா ஊரெல்லாம் பரவின கதை அது, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல, விட்டுடுங்க. ஆனா அந்த வம்சப் பட்டியலை விடாதீங்க. கைஸ்னு ஒரு மூதாதை, அவர் பிள்ளைங்க வழியா எல்லாக் குலமும் கிளை பிரிஞ்சுதுன்னு சொல்லிக்கிறாங்க இல்லையா, அதை வெச்சுத்தான் யாருக்கு நிலத்துல பங்கு, ஜிர்கா, அதாவது குலத்துப் பஞ்சாயத்து கூடுனா யாருக்குப் பேச்சுன்னு முடிவாகுது. அந்தப் பட்டியல்ல யார் பேர் இல்லைங்கிறதுதான் எனக்கு முக்கியம். அங்க வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு கோபம். எதைப் பார்த்தாலும் "அப்படியே நம்ம புறநானூறு"ன்னு சொல்ற பழக்கத்தை தயவுசெஞ்சு விடுங்க தம்பி. அது பாராட்டு இல்ல, படிக்காம இருக்கறதுக்கு ஒரு வழி. அந்த மலையை, அந்த ஆளை, அவன் யார்கிட்ட சம்பளம் வாங்கினான், யாரை வெட்டினான், யாரால ஏமாந்தான்னு எதையும் தெரிஞ்சுக்காம, நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணோட ஒட்டிட்டு நகர்ந்துடறோம். நம்ம தாத்தா காலத்துல பஷ்தூனை, அதாவது பட்டாணியரை ஈட்டிக்காரனா மட்டும்தான் தெரியும், வட்டிக்குக் கொடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கற ஆளு. இப்போ ரீல்ஸ்ல வாளோட குதிரை மேல நிக்கறான். ரெண்டுலயும் ஆள் இல்ல, படம் மட்டும்தான் இருக்கு.

குஷால் கானையே எடுத்துக்குங்க. 1613ல, இப்போ பாகிஸ்தான்ல இருக்கற அகோராவில பிறந்தவர். அவரோட கொள்ளுத்தாத்தா மலிக் அகோர், அட்டாக்ல இருந்து பெஷாவர் போற ரோட்டைக் காவல் காக்கற பொறுப்பை அக்பர்கிட்ட வாங்கினவர். அதாவது கட்டக் குலத்தோட தலைமைங்கிறதே முகலாயர் கொடுத்த வேலையோட சேர்ந்து வளர்ந்தது. 1641ல அப்பா ஷாபாஸ் கான் யூசுஃப்ஸாய் குலத்தோட சண்டையில செத்துப் போறார், ஷாஜஹான் சம்மதத்தோட குஷால் தலைவராகறார், அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் முகலாயருக்காக சண்டை போடறார், யூசுஃப்ஸாய்களுக்கு எதிராவும் போடறார், அவங்களும் பஷ்தூன்தான். 1664ல ஔரங்கசீப் ஆளுங்க அவரைப் புடிச்சு டெல்லிக்குக் கொண்டு போய், அப்புறம் ராஜஸ்தான்ல ரந்தம்போர் கோட்டையில அடைக்கறாங்க. இத்தனை காலம் உழைச்சதுக்கு இதுவான்னு உள்ள இருந்து வெந்து வெந்து எழுதறார், வீட்டு ஞாபகம், பிள்ளைங்க ஞாபகம், மலை ஞாபகம். வெளியில வந்தப்புறம்தான் அப்ரீதி, மோமந்து குலங்களோட சேர்ந்து 1670கள்ல முகலாயரை எதிர்க்கறார், ஔரங்கசீப்பே 1674ல ஹஸன் அப்தால் வரைக்கும் வந்து கூடாரம் போட வேண்டியதாச்சு. அப்போ குஷால் ஸ்வாத் பள்ளத்தாக்குக்குப் போய் அதே யூசுஃப்ஸாய்கள்கிட்ட "வாங்க, சேர்ந்து நிப்போம்"னு கேக்கறார். வருவாங்களா? நேத்து வரைக்கும் எங்களை வெட்டினவன்தானேன்னு அவங்க நினைச்சிருப்பாங்க, தப்பே இல்ல. இவர் அந்த ஆத்திரத்துல ஸ்வாத்தையும் அந்த ஜனங்களையும் திட்டி ஒரு நீளமான பாட்டே எழுதினார்.

இதோட முடியல. பெத்த மகன் பஹ்ராம் முகலாயர் பக்கம் போயிட்டான். இன்னொரு மகன் அஷ்ரஃப், அவரும் நல்ல கவிஞர், புடிபட்டு நம்ம பக்கத்துல இருக்கற பீஜப்பூர் சிறையிலயே செத்தார், தக்காணத்து வெயில்ல உட்கார்ந்து தன் மலைநாட்டை நினைச்சு எழுதியிருக்கார், அது எத்தனை பேருக்குத் தெரியும்? குஷால் 1689ல அப்ரீதி மலையில ஒளிஞ்சு வாழ்ந்தப்போ செத்தார். முகலாயர் குதிரைக் குளம்புத் தூசி படாத இடத்துல என்னைப் புதைங்கன்னு சொன்னதாச் சொல்லுவாங்க. அந்த வாள் வரிக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. கூடவே பருந்து வளர்க்கறதைப் பத்தி, வைத்தியத்தைப் பத்தி, பொம்பளைங்க அழகைப் பத்தி, தன் ஜனங்களோட பேராசையைப் பத்தின்னு எழுதித் தள்ளியிருக்கார் மனுஷன். ரீல்ஸ்ல ஒரு வரிதான் வரும்.

சரி, இப்போ பட்டியல்ல பேர் இல்லாதவங்க விஷயம். உங்க கேள்வியில "பழங்குடி மரபு"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க, அதுதான் என்னை உறுத்துது. மரபுன்னா மானம், விருந்தோம்பல், பழிக்குப் பழி, அடைக்கலம்னு சொன்னவனைக் காப்பாத்தறதுன்னு நாலு விஷயம் எல்லா இடத்துலயும் எழுதி வச்சிருப்பாங்க. எல்லாம் நிஜம்தான். ஆனா அதுக்கு அடியில நிலம் இருக்கு. யூசுஃப்ஸாய்களோட ஸ்வாத்ல பதினாறாம் நூற்றாண்டுல ஷேக் மாலின்னு ஒருத்தர் போட்ட ஏற்பாடுன்னு சொல்லுவாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கூட்டம் தன் நிலத்தை விட்டுட்டு இன்னொரு கூட்டத்தோட நிலத்துக்கு மாறணும், ஏன்னா நல்ல வயலும் மேட்டு வயலும் எல்லாருக்கும் முறை வரணும். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் இது நடந்துச்சு. எவ்வளவு நியாயமான ஏற்பாடுன்னு தோணுது இல்ல? ஆனா மாறிக்கிட்டே இருந்தது பங்கு உள்ளவன் மட்டும்தான். கீழ உழுதவன், முடி வெட்டினவன், தச்சன், மேளம் அடிச்ச தும்ங்கற பாட்டுக்காரன், இவங்களுக்கெல்லாம் பங்கும் இல்ல, ஜிர்காவுல இடமும் இல்ல. பொம்பளைங்களுக்கும் இல்ல. பங்கு உள்ளவனுக்கோ பங்காளிதான் முதல் எதிரி, பெரியப்பா பிள்ளைதான் வரப்புத் தகராறுல துப்பாக்கி எடுக்கறவன், அந்தப் பகை முத்திப் போய் ரத்தத்துல முடிஞ்சா, சமாதானத்துக்கு ஒரு பொண்ணை எதிரி வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கறதும் அதே மரபுலதான் இருக்கு.

நான் திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம் இதுதான், இதுக்காகத் திட்டும் வாங்கியிருக்கேன், இன்னும் சொல்லுவேன்: பஷ்தூன் குலத்தோட பாட்டைக் காப்பாத்தினது குலத்துல பங்கு இல்லாதவங்கதான். தும்ங்க ரபாப்ங்கற தந்தி வாத்தியத்தையும் டோலும் எடுத்துக்கிட்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் போய் பாடினாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில டார்மெஸ்டெட்டர்ங்கற பிரெஞ்சுக்காரர் எல்லைப்பக்கம் போய் நாட்டுப்பாட்டு சேகரிச்சப்போ அவருக்குப் பாடிக் காட்டினது அந்த ஆளுங்கதான். அதுக்கு முன்னாடி 1862ல ராவர்ட்டிங்கற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஆப்கான் கவிதைத் தொகுப்பு போட்டார், அது எழுதி வச்ச பெரிய கவிஞர்களோட தொகுப்பு. ரெண்டுமே வேணும். ஆனா நம்ம ஆளுங்க கையில அந்தப் பெரிய கவிஞர்கள் வகை மட்டும்தான் வந்து சேருது.

பொம்பளைங்க பாட்டுன்னா லண்டய். ரெண்டே அடி, முதல் அடி ஒன்பது அசை, ரெண்டாவது பதிமூணு, கடைசியில 'னா' இல்ல 'மா'ன்னு முடியும். யார் எழுதினதுன்னு கிடையாது. தண்ணி எடுக்கப் போற இடத்துல, கல்யாண வீட்டுல சொல்றது. போருக்குப் போனவன் முதுகு காட்டித் திரும்பினா என் பக்கம் வராதேன்னு சொல்ற லண்டயும் இருக்கு, 1880 ஜூலையில மைவந்த் சண்டையில மலாலைன்னு ஒரு பொண்ணு அப்படி ஒண்ணைச் சொல்லித்தான் ஓடின ஆளுங்களைத் திருப்பினாள்னு ஆப்கானிஸ்தான்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வகை உங்களுக்குப் புடிக்கும், ரீல்ஸ்லயும் வரும். ஆனா இதையும் கேளுங்க. அக்கா தங்கச்சிங்க ஒண்ணா உட்கார்ந்தா அண்ணன் தம்பி பெருமை பேசறாங்க, அண்ணன் தம்பிங்க ஒண்ணா உட்கார்ந்தா அவங்களை விக்கப் பேசறாங்கன்னு ஒரு லண்டய். கிழவனுக்கு என்னை வித்தியே அப்பா, உன் வீடு நாசமாப் போகட்டும், நான் உன் மக இல்லையான்னு ஒரு லண்டய். இது ஏதோ வெளியூர்ல இருந்து வந்த பெண்ணுரிமைப் பேச்சு இல்ல தம்பி. அந்த மரபுக்குள்ளயே, அந்த அடுப்படியிலயே, அதே மொழியில, அந்த மரபோட முகத்துக்கு நேரா சொன்னது. மரபுன்னா இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். இதை விட்டுட்டு வாளை மட்டும் எடுத்துக்கிட்டா நீங்க பாராட்டறது பஷ்தூன்களை இல்ல, பங்கு உள்ளவங்களை மட்டும்தான்.

தொண்ணூறுகள்ல நான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல இருந்தப்போ எங்க கேம்ப்ல பாகிஸ்தான் திர் பக்கத்துல இருந்து வந்த ஒரு டிரெய்லர் டிரைவர் இருந்தார், எல்லாரும் லாலான்னு கூப்பிடுவோம். ஆறடிக்கு மேல இருப்பார், பேச்சு குறைவு. ராத்திரி சாப்பிட்டுட்டு காலி தண்ணி கேனைக் கவுத்துப் போட்டு ஒருத்தர் தட்ட, இன்னொருத்தர் "யா குர்பான்"னு இழுக்க, லாலா லண்டய் எடுப்பார். பொம்பளை குரலா எழுதின வரியை, பரதேசம் போனவனே எப்போ வருவேன்னு கேக்கற வரியை, அத்தனை மீசைக்காரங்களும் கூச்சமே இல்லாம அந்தப் பொம்பளையாவே மாறிப் பாடுவாங்க. அவங்க ஊர்ல இருந்து கேசட்டுல கடிதம் வரும், எழுதப் படிக்கத் தெரியாதவங்க பேசி அனுப்பறது, நம்ம ஆளுங்களும் அப்போ அப்படித்தான். லாலாவோட அம்மா ஒரு தடவை அனுப்பின கேசட்டை எனக்கு வரிக்கு வரி இந்தியில சொன்னார். எருமை கன்னு போட்டுச்சு, கூரை ஒழுகுது, தங்கச்சிக்கு ஜுரம்னு ஒரு பக்கம் முழுக்க. அப்புறம் கதவு சாத்தற சத்தம் கேக்குது, அப்பா வெளியில போயிட்டார். உடனே அந்தம்மா குரலைத் தாழ்த்தி ரெண்டு லண்டய் சொல்றாங்க. ரெண்டாவது லண்டயை லாலா எனக்கு மொழிபெயர்க்கல. "யே மேரி மா கா ஹை", இது என் அம்மாவோடதுன்னு மட்டும் சொன்னார். முப்பது வயசு வரைக்கும் அம்மா அப்பா முன்னாடி பாடி அவர் கேட்டதே இல்லையாம்.

இந்தப் பாட்டுங்களை அகதி முகாம்ல இருந்த பொம்பளைங்ககிட்டயும் கேட்டு சேகரிச்ச சையத் பஹாவுத்தீன் மஜ்ரூஹ், 1988 பிப்ரவரியில பெஷாவர்ல அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டு சேகரிச்சதுக்காக மட்டும் இல்ல, சண்டைக்காரத் தலைவர்களை எதிர்த்து வெளிப்படையா பேசினவர். ஆனா யாருக்கு அவர் பேச்சு பொறுக்கலையோ அவங்களுக்கு அந்தப் பாட்டும் பொறுக்காது. இங்கதான் உங்க தாலிபான் கேள்வி வருது. மரபுல இருந்து தாலிபான் வந்துச்சுன்னு சொல்றது பாதிகூட சரி இல்ல. 1901ல பிரிட்டிஷ்காரன் எல்லைக் குற்றச் சட்டம்னு ஒண்ணு போட்டான், ஒருத்தன் தப்பு செஞ்சா குலத்துக்கே தண்டனை, வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. பாகிஸ்தான் வந்தப்புறமும் அந்த மலைப்பகுதியில 2018 வரைக்கும் அதுதான் ஓடுச்சு. அதுக்கு நடுவுல நாப்பது வருஷப் போர். 2004க்கு அப்புறம் வஜிரிஸ்தான்ல தாலிபான் தேடித் தேடிக் கொன்னது யாரைன்னு நினைக்கறீங்க, குலப் பெரியவங்களைத்தான். ஜிர்கா கூடின இடத்துலயே குண்டு வெடிச்சுது. பாட்டுக்காரங்களுக்கு நடந்ததோ இன்னும் மோசம், பெஷாவர் டப்கரி பஜார்ல தலைமுறை தலைமுறையா கடை போட்டிருந்த இசைக்காரங்களை 2002ல வந்த மாகாண அரசு காலத்துலயே காலி பண்ண வச்சுட்டாங்க, அது தாலிபான்கூட இல்ல, ஓட்டு வாங்கி வந்த அரசு. 2009 மார்ச் 5ம் தேதி பெஷாவர் ஹஜார்க்வானியில இருக்கற கவிஞர் ரஹ்மான் பாபா தர்காவுல குண்டு வச்சாங்க. பொம்பளைங்க அங்க வர்றாங்கங்கறதுதான் குறையாம். பாருங்க, சுத்திச் சுத்தி அங்கயேதான் வருது.

ரஹ்மான் பாபா மோமந்து குலத்துல பிறந்தவர், குஷாலுக்கு ஒரு தலைமுறை பின்னாடி. குலத்துப் பகையில எந்தப் பக்கமும் நிக்காத மனுஷன். பூவை விதை, உன்னைச் சுத்தித் தோட்டமாகும், முள்ளை விதைக்காதே, உன் காலைத்தான் குத்தும்னு சொன்னவர். சாதுன்னு நினைச்சுடாதீங்க, கொடுங்கோல் அதிகாரிங்களால கல்லறை, நெருப்பு, பெஷாவர் மூணும் ஒண்ணாப் போச்சுன்னு எழுதினதும் இவர்தான். பேருந்து ஓட்டறவன்ல இருந்து முல்லா வரைக்கும் அவர் வரி தெரியாதவன் அந்தப் பக்கம் கிடையாது.

குஷாலை எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்க. ரந்தம்போர் சிறையில எழுதினதுல இருந்து ஆரம்பிங்க, வாள் வரிங்களை கடைசியில படிங்க. ராவர்ட்டியோட பழைய இங்கிலீஷ் இணையத்துல இலவசமாவே கிடைக்குது, பாஷை கரடுமுரடா இருக்கும், பொறுத்துக்குங்க.

ஆனா தம்பி, எனக்கு உங்க மேல இருக்கற பெரிய வருத்தம் வேற. முஸாஃபால இருக்கேன்னு எழுதியிருக்கீங்க. உங்க யார்டுக்கு ஸ்டீல் கொண்டு வர்ற டிரெய்லர் யார் ஓட்டறா? ஸ்கஃபோல்டிங் ஏறறது யாரு? அதுல எத்தனை பேர் ஸ்வாத், திர், பஜௌர், வஜிரிஸ்தான்? அவங்க பேரை மஸ்டர் ரோல்ல மட்டும் பார்த்துட்டு, கவிதைக்கு மட்டும் போனைத் தேய்க்கறது எனக்குச் சம்மதம் இல்ல. லீவு நாள்ல அவங்க ரூமுக்குப் போங்க. செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க, டீ கொடுப்பாங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க. குஷால் கானைப் பத்திக் கேளுங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. அப்புறம் அவங்க அம்மா என்ன லண்டய் சொல்லுவாங்கன்னு கேளுங்க. முதல் நாள் யாரும் சொல்ல மாட்டாங்க. மறுபடியும் போங்க.

அன்புடன்