தங்கை நிக்காஹ்வில் (திருமணத்தில்) தஃப் என்ற கைப்பறை அடிக்கலாமா?

அடிக்கலாம் பாய். நிக்காஹ்வை ஊரறியச் செய்யத் தஃப் அடிப்பதைப் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அனுமதிக்கிறார்கள்.

உங்கள் பெரியத்தா "இசையே ஹராம்" (மார்க்கத்தில் தடை) என்று தடுப்பது, புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் இசைக்கருவிகள் பற்றிய ஹதீஸை (நபிமொழியை) வைத்தாக இருக்கும். அதே புகாரியில், பெருநாளன்று ஆயிஷா (ரலி) வீட்டில் இரண்டு சிறுமிகள் பாட, அபூபக்ர் (ரலி) அதட்ட, நபி (ஸல்) அந்தச் சிறுமிகளை விட்டுவிடச் சொன்னதும் இருக்கிறதே, அதை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எனக்கு மனம் இளகிய இடம் அது.

அப்புறம் தஃபைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தோல், விளிம்பில் சலங்கை இல்லை என்றால் சரி. சலங்கை இருந்தால் சிலர் ஆட்சேபிப்பார்கள்.

கீபோர்டு, டிரம்ஸ் வேறு விஷயம். நான்கு மத்ஹபிலும் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பான்மைக் கருத்து தடைதான், இமாமைக் கேட்காமல் இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.