தாகத்துக்குத் தா

ஐயா, மூன்று வருடமாக என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்ல ஆசை. ஆனால் பேசப் போனாலே தயக்கம் வந்துவிடுகிறது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன், பதில் இல்லை. அவருக்கு எத்தனையோ உதவிகள் செய்திருக்கிறேன். எந்த வசனத்தில் பேச்சைத் தொடங்கலாம்? இயேசுவைப் பற்றி அச்சிட்ட கைப்பிரதித் தாள் கொடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தயக்கம் இருக்கட்டும். அது இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். கைப்பிரதி உங்கள் விருப்பம். வாட்ஸ்அப் வசனத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள், பாவம் அந்த மனிதர்.

என்னை உறுத்தியது வேறொரு வரி. ‘எத்தனையோ உதவிகள் செய்திருக்கிறேன்.’ சரி, அவரிடம் நீங்கள் என்றைக்காவது ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?

பைபிளில் யோவான் 4ஆம் அதிகாரத்தை எடுங்கள். கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் சொன்னது ‘தாகத்துக்குத் தா’ என்பதுதான். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாத காலம். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரமும் இல்லை. அதை அவளே சொல்லிக்காட்டுகிறாள். நித்திய வாழ்வு தரும் ஜீவதண்ணீரைப் பற்றிப் பேசப்போகிறவர் அதற்கு முன்னால் அவளிடம் கேட்டு நிற்கிறார். நாமோ கொடுக்கிற இடத்தைவிட்டு இறங்கவே மாட்டோம். ஜெபிப்பது நாம், ஆறுதல் சொல்வது நாம், புத்தி சொல்வதும் நாம். எதிரில் இருப்பவர் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு அன்பு என்று பெயர் வேறு! கோபமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டு வருடம் கைப்பிரதிகள் கொடுத்தேன். மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் அப்பாவுக்கு அவசரமாக ரத்தம் தேவைப்பட்டது. சபையில் யாரும் போனை எடுக்கவில்லை. கூச்சத்தோடு அவரைக் கூப்பிட்டேன். வந்தார், கொடுத்தார், விடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “கண்ணை மூடிக்கொண்டு என்னதான் சொல்வீர்கள்?” என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். தயாராக வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்வேன் என்றேன். அப்புறம் நெடுநேரம் பேசினோம்.

‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:15). ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. நான் கொடுத்த தாள்களைப் பற்றி அவர் என்றைக்கும் விசாரிக்கவில்லை.

அவர் இன்றுவரை ஆலயத்துக்கு வரவில்லை. என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம்தான் இருக்கிறது.